கங்காணி முறையும் வாரிசு அரசியலும்: அருவிக்கரை தரும் பாடம்

(பொன்முடியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களான கட்சி உறுப்பினர்களுக்கு 2026 ஜனவரியில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காலை வேலை முடிந்து, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இந்தக் குளிரில் வகுப்புக்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். பொன்முடியைச் சுற்றுலாத் தலமாகத்தான் வெளியுலகம் அறியும். 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வந்து, மூடுபனியைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிப் போகிறவர்களுக்கு, இந்தப் பனிக்கு உள்ளே லயங்கள் இருப்பது கண்ணில் படுவதில்லை. தேர்தல் வரும்போது மட்டும் லயங்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. இவ்வாண்டு சட்டமன்றத் தேர்தல் வரவிருக்கிறது. எனவே வாரிசு அரசியல் என்பது என்ன, அது எப்படி வேலை செய்கிறது, அதை எதிர்கொள்வது எப்படி என்பதை நாம் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இதற்குத் தொலைதூர உதாரணம் தேவையில்லை. மலையடிவாரத்து விதுரா ஊராட்சி அருவிக்கரை சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. பழைய ஆரியநாடு தொகுதிதான் எல்லை மாற்றத்திற்குப் பின் அருவிக்கரை ஆயிற்று. இந்தத் தொகுதியை 1991 முதல் 2021 வரை முப்பது ஆண்டுகள் ஒரே இல்லம் தன் வசம் வைத்திருந்தது. முதல் 24 ஆண்டுகள் தந்தை ஜி. கார்த்திகேயன், அடுத்த ஆறு ஆண்டுகள் மகன் கே.எஸ். சபரிநாதன்.

தந்தையின் பாதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகேயன் பதவியைப் பரம்பரையாகப் பெற்றவர் அல்லர். வர்க்கலையில் பிறந்து, கேரள மாணவர் யூனியனின் மாநிலத் தலைவராகவும் பின்னர் இளைஞர் காங்கிரஸின் மாநிலத் தலைவராகவும் பணியாற்றி, படிப்படியாக வளர்ந்தவர். 1982இல் திருவனந்தபுரம் வடக்குத் தொகுதியில் வென்றார். 1987இல் அதே தொகுதியில் நமது தோழர் எம். விஜயகுமாரிடம் தோற்றார். அதன் பிறகுதான் ஆரியநாட்டுக்கு வந்தார். ஆர்.எஸ்.பி.யின் மூத்த தலைவர் கே. பங்கஜாட்சனை 1991இல் தோற்கடித்தார். அன்று தொடங்கி 1996, 2001, 2006 ஆகிய தேர்தல்களில் ஆரியநாட்டிலும், 2011இல் அருவிக்கரையிலும் தொடர்ந்து வென்றார். ஏ.கே. ஆண்டனியின் அமைச்சரவைகளில் மின்துறை, உணவு, பண்பாடு முதலிய பொறுப்புகளை வகித்தார். 2011 முதல் மறையும் வரை சட்டமன்றத் தலைவராக இருந்தார். எதிரணியினரிடமும் பண்போடு பழகியவர் என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலமைச்சர் கே. கருணாகரன், தம் மகன் கே. முரளீதரனைக் கட்சியில் முன்னுக்குக் கொண்டுவந்தார். அப்போது கருணாகரனின் சொந்த அணியிலேயே மூன்று இளம் தலைவர்கள் எதிர்க்குரல் எழுப்பினார்கள். ரமேஷ் சென்னித்தலா, எம்.ஐ. ஷானவாஸ், மூன்றாமவர் ஜி. கார்த்திகேயன். கேரள அரசியலில் அவர்களுக்குத் 'திருத்தல்வாதிகள்' என்று பெயர். நம் அகராதியில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, தோழர்களே! அங்கே அது கட்சியின் போக்கைத் திருத்த வந்தவர்கள் என்ற பொருளில் வழங்கிற்று. தலைவரின் மகன் என்பதே தகுதியாகிவிடக் கூடாது என்பது அவர்கள் வாதத்தின் முக்கியமான பகுதி.

2015 மார்ச் 7 அன்று கார்த்திகேயன் காலமானார். ஜூன் 27இல் இடைத்தேர்தல். காங்கிரஸ் யாரை நிறுத்தியது? மறைந்தவரின் மனைவியின் பெயர்தான் முதலில் பேசப்பட்டது. அவர் மறுத்ததும், டாட்டா குழும நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த 31 வயது மகனை அழைத்துவந்து நிறுத்தினார்கள். பொறியியலும் மேலாண்மையும் படித்த அந்த இளைஞர் அதுவரை ஊராட்சி உறுப்பினர் பதவிக்குக்கூடப் போட்டியிட்டதில்லை. மகன்களை முன்னிறுத்துவதை எதிர்த்துப் பெயர் பெற்றவரின் இடத்தை நிரப்ப, அவருடைய மகனைவிட்டால் வேறொருவரை அக்கட்சியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. தந்தை ஒரு கொள்கையை உண்மையாகவே நம்பியிருக்கலாம். மகனும் திறமையானவராக இருக்கலாம். தனிமனிதர்களின் விருப்பு வெறுப்பைத் தாண்டி இது நிகழ்கிறதென்றால், காரணம் அமைப்பிலே இருக்கிறது என்பதுதான் நாம் புரிந்துகொள்ள வேண்டியது.

எண்கள் சொல்லும் செய்தி

2015 வெற்றியை 'அனுதாப அலை' என்று ஏடுகள் எழுதின. எண்களைப் பார்ப்போம். 2011இல் கார்த்திகேயன் பெற்றவை 56,797 வாக்குகள். 2015இல் மகன் பெற்றவை 56,448. தந்தை பெற்றதைவிட 349 குறைவு. 2011இல் இடது முன்னணி பெற்றவை 46,123. 2015இல் நமது வேட்பாளர் தோழர் எம். விஜயகுமார் பெற்றவை 46,320. ஏறத்தாழ அதே எண்ணிக்கை.

அப்படியானால் எது மாறியது? 2011இல் 7,694 வாக்குகள் பெற்ற பாரதிய ஜனதா, 2015இல் ஓ. ராஜகோபாலை நிறுத்தி 34,145 வாக்குகள் பெற்றது. நான்கு ஆண்டுகளில் நான்கு மடங்குக்கும் மேல்! காங்கிரஸ் அரசின் மீது ஊழல் குற்றச்சாட்டுகள் குவிந்திருந்த நேரம் அது. அதிருப்தி இருந்தது, அந்த அதிருப்தி நம்மிடம் வரவில்லை. நாமும் அவர்களும் பழைய கணக்கிலேயே நின்றுகொண்டிருக்க, களத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்த வாக்குகளின் பெரும்பகுதியை வகுப்புவாத சக்தி அள்ளிச் சென்றது. 'அனுதாபத்தால் தோற்றோம்' என்று நாம் அன்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால், அது நம்மையே ஏமாற்றிக்கொண்டதாகும்.

அடுத்த ஆண்டு இன்னொரு பாடம் கிடைத்தது. 2016இல் கேரளம் முழுதும் இடது முன்னணி 91 இடங்களில் வென்றது. அருவிக்கரையில் மட்டும் சபரிநாதன் 70,910 வாக்குகளோடு, தோழர் ஏ.ஏ. ரஷீதை 21,314 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அப்போது அனுதாபம் பழையதாகிவிட்டது. ஆனால் பதவியில் இருந்த ஓராண்டில் தந்தையின் தொடர்புகள் அனைத்தும் மகனின் கைக்கு வந்துவிட்டன.

2021இல் நிலைமை மாறியது. உள்ளாட்சிப் பணிகளின் வழியாக வளர்ந்த தோழர் ஜி. ஸ்டீபன் 66,776 வாக்குகள் பெற்று, 5,046 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நமது வாக்கு ஐந்தாண்டுகளில் 17,180 கூடியது. காங்கிரஸின் வாக்கு 9,180 குறைந்தது. பாஜகவின் வாக்கும் 20,294லிருந்து 15,379ஆகக் குறைந்தது. முப்பதாண்டுக் கோட்டை வீழ்ந்தது. ஆகவே வாரிசு வெல்ல முடியாதவர் அல்லர்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2025 டிசம்பரில் நடந்த திருவனந்தபுரம் மாநகராட்சித் தேர்தலில், காங்கிரஸ் முன்னணி சபரிநாதனை மேயர் வேட்பாளராக முன்னிறுத்தியது. அவர் கவடியார் வார்டில் வென்றார். ஆனால் 101 வார்டுகளில் அவருடைய முன்னணிக்குக் கிடைத்தவை 19 மட்டுமே. நீண்ட காலம் மாநகராட்சியை நடத்திவந்த நமக்கு 29. பாஜகவுக்கோ 50! தலைநகரின் மேயர் நாற்காலி அவர்கள் கைக்குப் போயிற்று. 2015இல் அருவிக்கரையில் கண்ட அறிகுறி, பத்தாண்டில் நகரத்தில் முற்றிய நோயாகத் தெரிகிறது. ஒரு குடும்பப் பெயரைச் சுற்றியே நமது கவனம் சுழன்றால், பின்வாசல் வழியாக யார் நுழைகிறார்கள் என்பதைக் கவனிக்கத் தவறிவிடுவோம்.

கங்காணி ஏன் வேண்டியிருந்தார்?

வாரிசு அரசியல் வேலை செய்யும் விதத்தைத் தோட்டத் தொழிலாளருக்கு விளக்குவது எளிது. உங்கள் முன்னோரின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

உங்கள் பாட்டனார்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியபோது அவர்களை அழைத்துவந்தவர் யார்? கங்காணி. ஊரில் முன்பணம் கொடுத்தவர் அவர். துரையிடம் பேசுகிறவரும் அவர்தான். காய்ச்சல் வந்தால் விடுப்புக்குப் பரிந்து பேச வேண்டியவர், கடன் தர வேண்டியவர், கல்யாணத்துக்கு முன்னால் நிற்க வேண்டியவர் எல்லாம் அவரே. கொடுமைக்காரக் கங்காணியும் உண்டு, நல்ல கங்காணியும் உண்டு. நல்ல கங்காணி இறந்தபோது தொழிலாளி மனமாரவே அழுதான். அந்த இடத்துக்குக் கங்காணியின் மகன் வந்தபோது அதை இயல்பென்றே ஏற்றுக்கொண்டான். ஏனென்றால் துரையிடம் நேரே போய்ப் பேச அவனுக்கு வேறு வழி இல்லை.

தொழிற்சங்கம் வந்த பிறகுதான் கங்காணியின் அதிகாரம் உதிர்ந்தது. அவரைத் திட்டியதால் உதிரவில்லை. அவர் செய்த வேலையைத் தொழிலாளர்கள் கூட்டாகச் செய்யத் தொடங்கியதால் உதிர்ந்தது.

இன்றைய முதலாளித்துவ அரசியலில் சட்டமன்ற உறுப்பினர் பல இடங்களில் ஒரு புதிய கங்காணி. மருத்துவக் கல்லூரியில் படுக்கை வேண்டும், ஓய்வூதிய விண்ணப்பம் நகர வேண்டும், பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், லயத்துக் கூரைக்குத் தகடு வேண்டும். சட்டப்படி உரிமையாக வர வேண்டிய இவை யாவும் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தால் வருகின்றன. உரிமை உதவியாக மாறுகிறது. உதவி நன்றிக்கடனாக மாறுகிறது. நன்றிக்கடன் வாக்காக மாறுகிறது. அந்த மனிதர் மறைந்ததும், அவரைச் சுற்றியிருந்த ஒப்பந்தக்காரர், மண்டலத் தலைவர், தனி உதவியாளர், தரகர் அனைவருக்கும் வலை அறுந்துவிடுமோ என்ற அச்சம் வருகிறது. அணிகளாகப் பிளவுண்ட கட்சியில் யாரை நிறுத்தினாலும் மற்ற அணி உள்ளடி வேலை பார்க்கும். மகனையோ மகளையோ நிறுத்தினால் மட்டும் எல்லா அணிகளும் வாய்மூடி நிற்கும். குடும்பப் பெயர் அங்கே கட்சி அமைப்பின் இடத்தை நிரப்புகிறது.

மார்க்ஸ் இதைப் பிரான்சில் கண்டார். 1848 டிசம்பரில் லூயி போனபார்ட் 54 லட்சம் வாக்குகள் பெற்றுக் குடியரசுத் தலைவரானபோது, அவருக்கென்று சாதனை எதுவும் இல்லை. பெரிய நெப்போலியனின் தம்பி மகன் என்ற பெயர் இருந்தது. தனித்தனியே சிதறிக் கிடந்த சிறு விவசாயிகள், தமக்கென ஒரு வர்க்க அமைப்பு இல்லாத நிலையில், ஒரு பெயரைத் தம் காவலனாகக் கொண்டனர். மூன்றே ஆண்டுகளில் அந்தக் காவலன் குடியரசையே கலைத்தார். அமைப்பாகத் திரளாத மக்களுக்குப் பெயர்தான் அமைப்பு என்பதே 'லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புருமேர்' நூலிலிருந்து நாம் பெறும் பாடம்.

முற்றிய நிலை: பிலிப்பைன்ஸ்

இந்த நோய் முற்றினால் எப்படியிருக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். அங்கே மாகாண ஆளுநர் பதவிகள் பலவும் குடும்பச் சொத்தைப் போல் கைமாறுகின்றன. இலோகோஸ் நோர்ட்டே மாகாணத்தில் 2010 முதல் 2019 வரை ஆளுநர் இமி மார்கோஸ். அடுத்து அவருடைய மகன். 2025 முதல் அதே குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர். 1986இல் மக்கள் எழுச்சி விரட்டியடித்த சர்வாதிகாரி மார்கோஸின் மகன் 2022இல் நாட்டின் அதிபராகவே வந்துவிட்டார். தாவோ நகரத்தில் துதெர்தே குடும்பம். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் காவலில் ஹேக் நகரில் இருந்தபடியே ரொட்ரிகோ துதெர்தே 2025 மே மாதம் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்!

மகிந்தனாவ் மாகாணத்தில் ஆம்பத்துவான் குடும்பத்தை எதிர்த்து ஆளுநர் பதவிக்கு நிற்க முயன்ற ஒருவரின் வேட்புமனுவைத் தாக்கல் செய்யச் சென்ற ஊர்வலம் 2009 நவம்பர் 23 அன்று வழிமறிக்கப்பட்டது. 58 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 32 பேர் ஊடகத்தினர். அந்நாட்டின் 1987ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அரசியல் வாரிசுகளைத் தடை செய்கிறது. ஆனால் 'சட்டம் வரையறுக்கும் வகையில்' என்ற நிபந்தனையோடு. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டிய நாடாளுமன்றமோ அதே குடும்பங்களால் நிரம்பியிருக்கிறது. எனவே முழுமையான தடைச் சட்டம் இன்றுவரை வரவில்லை. நிலவுடைமை உடைக்கப்படாத இடத்தில் காகிதத் தடை என்ன செய்யும்?

கேரளம் அந்நிலைக்குப் போகாததற்குக் காரணம், இங்கே நிலச்சீர்திருத்தம் நடந்தது; தொழிற்சங்கம் வேரூன்றியது. ஆயினும் தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கேரளத்தின் மற்ற உழைப்பாளிக்குக் கிடைத்த குடியிருப்பு நிலம், லயத்தில் வாழும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. போணக்காடு தோட்டம் ஆண்டுக்கணக்கில் முடங்கி, கூலியும் பணிக்கொடையும் நிலுவையாகி, லயங்கள் சிதைந்தபோதும் தொழிலாளர் அங்கேயே தங்கியிருந்ததற்குக் காரணம் இதுதான். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாதவரை ஒருவர் பரிந்துரையை எதிர்பார்த்தே நிற்க வைக்கலாம்.

நம் முற்றமும் பெருக்கப்பட வேண்டும்

காங்கிரஸை மட்டும் குறைசொல்லி நான் அமர்ந்துவிட்டால் அது நேர்மையாகாது. பிறவத்தில் டி.எம். ஜேக்கப் மறைந்தபின் மகன், திருக்காக்கரையில் பி.டி. தாமஸ் மறைந்தபின் மனைவி, புதுப்பள்ளியில் உம்மன் சாண்டி மறைந்தபின் மகன் என்பது அவர்கள் பட்டியல். ஆனால் குட்டநாட்டில் தாமஸ் சாண்டி மறைந்தபின் 2021இல் அவருடைய தம்பி நின்றது நமது முன்னணியின் வேட்பாளராகத்தான். பாலகிருஷ்ண பிள்ளையின் மகனும் கே.எம். மாணியின் மகனும் இன்று நமது முன்னணியில்தான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஈரோடு கிழக்கில் 2023இல் மகன் மறைந்த இடத்தில் தந்தை ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் நின்றார், அவருக்கு நமது அணியும் வாக்குக் கேட்டது. கூட்டணி நிர்ப்பந்தம் உண்மை. அந்த நிர்ப்பந்தத்தைக் கொள்கையாக்கிக்கொள்ளக் கூடாது.

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் 2025இல் வெளியிட்ட ஆய்வு, நாடாளுமன்ற, சட்டமன்ற, மேலவை உறுப்பினர்கள் 5,204 பேரில் 1,107 பேர், அதாவது 21 விழுக்காட்டினர், அரசியல் குடும்பத்தினர் என்கிறது. காங்கிரஸில் 32 விழுக்காடு. 'வாரிசு ஒழிப்பு' பேசும் பாஜகவில் 18 விழுக்காடு. நமது கட்சியில் 8 விழுக்காடு. தேசியக் கட்சிகளில் நாம்தான் குறைவு. ஆனால் எட்டு என்பது பூஜ்யமல்ல, தோழர்களே.

நமக்கென்று நல்ல முன்னுதாரணங்களும் உண்டு. செங்ஙன்னூரில் தோழர் கே.கே. ராமச்சந்திரன் நாயர் 2018இல் மறைந்தபோது கட்சி அவர் குடும்பத்திடம் போகவில்லை. மாவட்டச் செயலாளர் சஜி செரியானை நிறுத்தி 20,956 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2021இல் தொடர்ந்து இருமுறை வென்றவர்களுக்கு மீண்டும் வாய்ப்பில்லை என்ற முடிவால் தாமஸ் ஐசக், ஜி. சுதாகரன் போன்ற அமைச்சர்களே ஒதுங்கினர். பதவி எவருடைய சொத்தும் அல்ல என்பதை இப்படிச் செயலால்தான் காட்ட முடியும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பிரச்சாரத்தில் வாரிசு வேட்பாளரின் பிறப்பைக் கேலி செய்வதை விடுங்கள். இறந்தவரை மதித்த மக்களின் உணர்வை அது புண்படுத்தும். அவருடைய அரசியலைக் கேள்வி கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதில் கரைக்கப்பட்டிருக்கிறது. லயம், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றுக்கு அடிப்படையாக இருந்த சட்டம் அது. இதைப் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேளுங்கள்.

இரண்டாவதாக, பரிந்துரைக் கடிதத்தின் இடத்தைக் கூட்டு மனு பிடிக்க வேண்டும். ஒருவருக்கு ஓய்வூதியம் தடைப்பட்டால், அந்த லயத்தில் அதே நிலையில் உள்ள அனைவரின் பட்டியலையும் எடுத்து, கிராம சபையில் வைத்து, சங்கத்தின் பெயரால் பின்தொடருங்கள். காரியம் முடிந்ததும் 'தோழர் இன்னார் செய்து கொடுத்தார்' என்ற பேச்சு எழக் கூடாது. 'நாம் கேட்டு வாங்கினோம்' என்ற பேச்சு எழ வேண்டும். இல்லையேல் நம் கட்சியிலும் ஒரு கங்காணியைத்தான் வளர்ப்போம்.

மூன்றாவதாக, அடுத்த வரிசையை உருவாக்குங்கள். இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இன்றைய வகுப்பில் முன்வரிசையில் எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கணக்கு எழுதவும், மனு தயாரிக்கவும், மலையாளத்தில் அதிகாரியிடம் பேசவும் தெரிந்த ஐந்து பெண் தோழர்கள் ஒவ்வொரு கிளையிலும் வளர்ந்துவிட்டால், நாளை ஒரு தலைவர் மறையும்போது நாம் எவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்காது.

கார்த்திகேயன் தம் இளமையில் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. அதற்கு விடை தரும் ஆற்றல் அவருடைய கட்சியிடம் இல்லை. அந்த ஆற்றல் நம்மிடம் உண்டா என்பதை வரும் மாதங்களில் இந்த லயங்களில் நாம் செய்யும் வேலை காட்டட்டும்.